சோபாவில் கேட்காத சத்தம்

கனத்த சத்தத்துக்கென்று இரண்டு ஊஃபர் பெட்டி வைத்தால் சத்தம் இரண்டு மடங்கு வரும் என்று நம்புகிறவர்களிடம் பேசிப் பேசியே என் தொண்டை தேய்ந்துபோயிற்று. வராது. ஒன்றுக்கொன்று சேராத இரண்டைக் கொண்டுவந்து வைத்தால் பல நேரம் ஒன்றின் சத்தம்கூட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம்பாத ஒரு வீட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் சவுண்டு மெக்கானிக்குகள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி அதன் செயலாளன் போன் செய்தான். நல்ல பையன்தான். கையில் மைக்கும் போனும் வைத்து ஒரு ஹாலை அளந்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிற தலைமுறை. "சேச்சி, இந்த ஆப்பு ஒண்ணும் இல்லாத காலத்துல நிங்க ரெண்டு வேற வேற சப் ஊஃபரை எப்படிச் சேத்திய? சும்மா காதை வச்சு ஒரு குத்துமதிப்புத்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் குளத்தூர்க்காரி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். வகுப்பில் பாதிப்பேர் பெண்கள். படித்து முடித்து சாலிடரிங் அயர்னைக் கையில் பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். உதியன்குளங்கரை முக்கில், மெயின் ரோட்டைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் கடை இருந்தது. அங்கே பின்னறையில் உட்கார்ந்து எரிந்துபோன ஸ்பீக்கர்களுக்குக் காயில் சுற்றுவதும் புதுக் கோன் என்கிற காகிதக் கூம்பு ஒட்டுவதும் என் வேலை. பசை வாசனையில் சில வருடங்கள் போயின. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் அங்கே கற்றேன். ஜோடியாக வேலை செய்த ஸ்பீக்கர்களில் கருகி என் மேஜைக்கு வந்தது எப்போதும் சின்னதுதான். பெரியதன் கூட ஓடச் சொல்லி முடுக்குவார்கள். அதற்கு முடியாது. கருகும். "இந்தச் சின்னது சாதனம் சரியில்ல" என்று கொண்டுவந்து போடுவார்கள். ஒருத்தரும் பெரியதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டி பெட்டியாக ஹோம் தியேட்டர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதற்குமுன் டேப்ரிக்கார்டரும் மிக்ஸியும் வந்ததுபோல இது. ஆனால் மிக்ஸி அடுக்களையில் இருந்துவிடும், ஊஃபர் ஹாலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இது ஒரு எழுதாத சட்டம். வெளிநாட்டில் கஷ்டப்பட்டவன் கொண்டுவந்த சாமானை ஹாலில் வைக்காமல் உள்ளே தள்ளினால் அவனையே முற்றத்தில் நிறுத்தியதுபோல. ஒரு வீட்டில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்தால் இரண்டு ஊஃபர். ஒன்று ஒரு கம்பெனி, மற்றது வேறு கம்பெனி. ஒன்றில் காற்றுப் போக முன்னால் துளை இருக்கும், மற்றது முழுக்க மூடிய பெட்டி. இரண்டையும் அப்படியே ஒரே ஆம்ப்ளிஃபயரில் கோத்துவிட்டு, "சேத்துத் தாங்க" என்று எங்களிடம் வருவார்கள். அம்மி ஒரு பக்கம், ஆட்டுரல் ஒரு பக்கம் வைத்து ஒரே ஆள் ஒரே நேரத்தில் அரைப்பது மாதிரி.

நெய்யாற்றின்கரையில் நான் தனியாகப் போன ஒரு வக்கீல் வீட்டில் இந்த இரண்டையும் டி.வி.யின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைப்பதுபோல வைத்திருந்தார்கள். சின்ன ஊஃபர் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. பெரியதுக்குக் கொடுக்க வேண்டிய கனத்த சத்தத்தையும் அதன் தலையில் ஏற்றியிருந்தார்கள். "ரெண்டும் சமமாத் தெரியணும்" என்றார் வக்கீல். சத்தத்தில் அல்ல, பார்வைக்கு. நான் கொஞ்சம் காரமாகவே பதில் சொன்னேன். அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போகும்போது என்னைத் தனியாக அனுப்பக் கூடாது, பிள்ளை சாரோடுதான் அனுப்ப வேண்டும் என்று கடை முதலாளி உத்தரவு போட்டார்.

பிள்ளை சார் எங்கள் கடையின் தலைமை மெக்கானிக். அவருடைய தாத்தா காலத்தில் சர்க்கார் கச்சேரியில் கணக்கெழுதிய குடும்பம். அந்த நடை அவரிடம் இருந்தது. வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை. வாடிக்கையாளர் வீட்டில் வேலை முடியும்வரை டீ குடிக்க மாட்டார், ஃபேன் போடச் சொல்ல மாட்டார். யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். தப்பு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "இப்படியும் வைக்கலாம்" என்பார். அதற்கு அர்த்தம், நீ வைத்தது முழு முட்டாள்தனம் என்பது. எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றுதான்: "வத்சலா, வீட்டுக்குள்ள போனா மெஷீன் காரியம் மட்டும் பேசணும். மனுஷன் காரியம் நமக்கு வேண்டாம்."

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்கிறேன், குத்துமதிப்பு என்று சிரித்தவன் கேட்டுக்கொள்ளட்டும். கூட ஒரு ஆடியோ ஆஸிலேட்டர் கொண்டுவருவார். அவரே கோத்துச் செய்த பெட்டி. அதிலிருந்து ஒரே சுருதியில் கனத்த சத்தம் விட்டுக்கொண்டே இருக்கலாம். முதலில் ஊஃபர்களில் ஒன்றை அணைப்பார். ஆள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து கேட்பார். பிறகு ஓடிக்கொண்டிருந்ததை அணைத்து மற்றதைக் கேட்பார். அதே இருக்கையில் இரண்டும் ஒரே அளவு கேட்கும்வரை திருகுவார். அப்புறம்தான் இரண்டையும் சேர்த்துப் போடுவார். சத்தம் கூடவேண்டும். கூடாமல் குறைந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது என்று அர்த்தம். ஊஃபரின் பின்னால் ஃபேஸ் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் இழுப்பது தள்ளத் தொடங்கும். துளையுள்ள பெட்டியும் மூடிய பெட்டியும் இயல்பாகவே ஒரே தாளத்தில் மூச்சு விடாது. அதனால் கனத்த சத்தத்தைப் பெரியதிடம் கொடுத்து, சின்னதை அதன் பலத்துக்கு ஏற்ற வேலையில் விட்டு, முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இத்தனையும் செய்தபிறகு ஹாலின் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பார். இது குத்துமதிப்பா?

இனி அந்த வீடு.

குளத்தூர்ப் பக்கம், பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய புது கான்கிரீட் வீடு. மூத்தவர் சுகுமாரன், மஸ்கட்டில் வேலை போய்த் திரும்பி வந்தவர். அவர் மனைவி அங்கேயே நர்ஸாக இருந்தாள். இவர் ஹாலில் இருந்தார். வீட்டில் தன் இடம் குறைந்துவிட்டதோ என்ற பயம் அவர் உட்காரும் விதத்திலேயே தெரியும். இளையவன் ஷாஜி, ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். கூட அவர்களுடைய அம்மா. அண்ணனின் ஊஃபர் பெரியது, துளையுள்ளது. அது டி.வி.க்குப் பக்கத்தில் நின்றது. தம்பியின் ஊஃபர் சின்னது, மூடியது. அதற்கு முன்பக்கம் இடம் கொடுக்கப்படவில்லை. சோபாவுக்குப் பின்னால் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ஷாஜியின் மனைவி பிந்து படுக்கும் அறை. ஹாலில் பிளக் பாயின்ட் போதாததால் சின்ன ஊஃபரின் ஒயரை வெண்டிலேட்டர் வழியாக அந்த அறைக்குள் இறக்கி அங்கே குத்தியிருந்தார்கள்.

புகார் இதுதான்: சத்தம் இல்லை.

"சாரே, மஸ்கட்டுல இது ஒண்ணப் போட்டாலே பக்கத்து ஃபிளாட்டுக்காரன் வந்து கதவைத் தட்டுவான். இஞ்ச ரெண்டு வச்சும் கொசு மூளுத சத்தமாக்கும்" என்றார் சுகுமாரன்.

"அண்ணன் அவருக்கத ஏத்துவாரு. நான் எனக்கத ஏத்துவேன்" என்றான் ஷாஜி. "ஏத்த ஏத்தக் கொறையுது சாரே. எங்கயாவது கேட்டிருக்கியளா இப்பிடி?"

"நீ ஏத்துனதுனாலதான்லே கொறைஞ்சுது."

"அண்ணனுக்கது ஏத்தினா மட்டும் கூடுமாக்கும்?"

அம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்து, மடியில் ஒரு குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். ஷாஜியின் பிள்ளை. தவழுகிற பிராயம்கூட ஆகவில்லை. "இந்த வீட்டுல இப்ப ஒண்ணும் நேரே நிக்கல்ல" என்றார் அவர். "இஞ்ச இருக்குத எங்களுக்குச் சத்தமே இல்ல. உள்ள கெடக்கவளுக்கு கட்டில் ஆடுதாம். கேட்டியளா? கட்டில் ஆடுதாம்!"

"அம்மா, வந்தவங்க முன்னால என்னத்துக்கு..." என்றான் ஷாஜி.

"ஆகட்டும்" என்றார் பிள்ளை சார்.

ஆஸிலேட்டரைக் கோத்து, இரண்டு ஊஃபரிலும் சத்தத்தை விட்டார். அம்மா எழுந்து இடம் விட, துண்டை விரித்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒன்றும் இல்லை. பெரியதன் கோன் கண்ணுக்குத் தெரியும்படி ஆடுகிறது, காதுக்கு ஒன்றும் இல்லை. சின்னதை அணைக்க என்னிடம் கை காட்டினார். பிளக் உள்ளே. "அங்க பிள்ளை பெத்தவ கெடக்கா. இந்தப் பெண்ணு போவட்டும், ஆம்பிளை வேண்டாம்" என்றார் அம்மா. முன்பு வேறு கடையிலிருந்து வந்து பார்த்தவர்கள் ஆண்கள். அவர்களை அந்த அறைக்குள் விட்டதே இல்லை.

நான் கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

அறைக்குள் கால் வைத்ததும் என் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அமுக்கியதுபோல இருந்தது. காதில் கேட்பதற்குமுன் உடம்பில் கேட்கிற சத்தம். இரும்புக் கட்டில் சுவரோடு சேர்ந்து நடுங்கியது. ஸ்டீல் அலமாரியின் பிடி டிக் டிக்கென்று அடித்தது. ஸ்டூலில் இருந்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக விரிந்தது. கட்டில் விளிம்பில் ஒரு பெண் சுவரில் படாமல் குறுகி உட்கார்ந்திருந்தாள். கையில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. அவள் அலமாரியைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கேக்குதா?"

"இது கேக்காம எப்பிடி? கட்டில் கெடந்து ஆடுதே."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. "இன்னொரு மட்டம் சொல்லுங்க."

"ஆடுது. கட்டில் ஆடுது."

அவள் அழவில்லை. மடமடவென்று சொன்னாள். பிரசவம் கழிந்து சொந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து இது. சொன்னால் யாரும் நம்பவில்லை. பெற்ற பெண்களுக்கு இப்படி வரும் என்று கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியும் கட்டில் ஆடியது. "பிள்ளைய மாமி எடுத்துட்டுப் போயிட்டாவ. ராத்திரி எனக்க பக்கத்துல கெடத்த மாட்டாவ. பால் குடிக்க மட்டும் கொண்டு வருவாவ. குடிச்சு முடியுத வரைக்கும் பக்கத்துலேயே நிப்பாவ. திங்கக்கிழமை எனக்கு புத்தி தெளிய பிராந்து டாக்டர்ட்ட புக் பண்ணியிருக்காவ அக்கா. அங்கயே கெடத்திருவாவளோண்ணு பயமாட்டு இருக்கு."

"படம் ஓடுத நேரம் அவங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். வந்தாவ. படத்தை நிப்பாட்டிட்டு வருவாவ. இல்லண்ணா ஒரு சீனு போயிரும்லா! இஞ்ச வந்து மூணு பேரும் வரிசையா நிண்ணு காதைக் குடுத்துக் கேப்பாவ. 'எங்கட்டி சத்தம்?'"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் வந்த கோபம் இதை எழுதும் இன்றுவரை இறங்கவில்லை. ரிமோட்டை அமுக்கிவிட்டு வந்து சத்தத்தைத் தேடிய மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் காது நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்த இடம்தான் கோளாறு.

பிளக்கைப் பிடுங்கினேன். கட்டில் நின்றது. அதே நொடியில் ஹாலில் சுகுமாரன் கத்தினார்: "வந்தாச்சு! வந்தாச்சு சாரே! பேஸ் வந்தாச்சு!"

வெளியே வந்தேன். சின்னதை அணைத்ததும் சோபாவில் சத்தம் கும்மென்று எழுந்திருந்தது. "நான் அப்பவே சொன்னம்லா, உனக்கது வெறும் பாட்டைத் தகரம்ணு" என்று அண்ணன் தம்பியைப் பார்த்து மீசையைத் தடவினார். பிள்ளை சார் பெரியதை அணைத்துவிட்டுச் சின்னதைப் போடச் சொன்னார். அதிலும் சத்தம் வந்தது. இப்போது தம்பி சிரித்தான். இரண்டையும் போடச் சொன்னார். சத்தம் செத்தது.

"ஒண்ணு தள்ளும்போ மத்தது இழுக்கு" என்றார் பிள்ளை சார். "ரெண்டுக்கும் நடுவுல சோபா. முன்னால ஒண்ணு கூடுதலும் ஒண்ணு கொறச்சலுமா இருந்திருக்கும், அப்ப கொஞ்சம் கேட்டிருக்கும். நிங்க ரெண்டுபேரும் போட்டி போட்டு ஏத்தி ரெண்டையும் சமமாக்கிட்டிய. சமமான உடனே இந்த இடத்துல மிச்சம் ஒண்ணும் இல்லாம ஆச்சு. வேற வழியாட்டும் வைக்கலாம்." குனிந்து பெரிய ஊஃபரின் பின்னால் இருந்த ஃபேஸ் சுவிட்சில் விரலை வைத்தார்.

நான் போய் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னேன்: "சார், தட்டாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

மூச்சுக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில், அலமாரி, கயிறு, குழந்தை, திங்கட்கிழமை. அவர் முகம் மாறவில்லை. "வத்சலா, மெஷீன் காரியம் மட்டும்" என்றார்.

"இதும் மெஷீன் காரியம்தான் சார்."

"சரியாக்கிக் கொடுத்தா அந்தப் பெண்ணுக்கும் தொந்தரவு தீந்துச்சு. அவ்வளவுதானே?"

"தீராது. நீங்க இதைத் தட்டினா சத்தம் சோபாவுக்கு வந்திரும். ரெண்டு திருகையும் இறக்கி வைப்பாங்க. அறையில ஒண்ணும் இருக்காது. பின்னே அவ சொன்னது நெசம்னு யாருக்குத் தெரியும்? கயிறு கெட்டினதுல சுகமாச்சும்பாங்க. டாக்டருக்க மருந்துல சுகமாச்சும்பாங்க. பிராந்து வந்தவங்குத பேரு மட்டும் சாவுதவரைக்கும் நிக்கும். சாட்சி இந்த சுவிட்ச் ஒண்ணுதான் சார். அதையும் நீங்க அழிச்சிட்டா?"

"என்ன சாரே, ரெண்டுபேருமா பெட்டிக்குப் பொறத்தே குசுகுசுப்பு? பாம்பு கெடக்கோ?" என்று சுகுமாரன் கேட்டார்.

பிள்ளை சார் அந்தச் சுவிட்சை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலை எடுத்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"ஒரு அளவு பாக்கி உண்டு" என்றார். "சின்ன ஊஃபர் சுவரோட சேந்து நிக்கதுனால அந்தப்பக்கத்து அறையிலயும் ஒரு அளவு எடுக்கணும். கட்டில்ல படுத்துத்தான் எடுக்கணும்."

"இந்தப் பெண்ணு இருக்கில்லா, படுத்து எடுக்கட்டும்."

"வீட்டுக்காரங்களுக்க காது வேணும்."

அப்படி ஒரு அளவு கிடையாது. அவர் வாழ்க்கையில் எந்தக் கட்டிலிலும் யாரையும் படுக்கவைத்து அளந்ததில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஷாஜி எழுந்து போனான். பிள்ளை சார் விமானம் இறங்குகிற ஓர் இங்கிலீஷ் படத்தின் சி.டி.யைப் போட்டு ரிமோட்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இடையில நிப்பாட்டப்படாது" என்றார்.

ஹாலில் விமானம் கொசுவாக முனகியது. அம்மா கொட்டாவி விட்டார். விமானம் தரையைத் தொடுவதற்குள் அறைக்கதவு திறந்து ஷாஜி வெளியே நின்றான்.

"எப்பிடி?" என்றார் பிள்ளை சார்.

"கொஞ்சம் உண்டு" என்றான் ஷாஜி.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பிந்துவின் குரல் வந்தது. "கொஞ்சமா? பின்னே செருப்பை இஞ்ச விட்டுட்டு ஓடினது என்னத்துக்கு?"

அவன் தன் வெறுங்காலைப் பார்த்தான். "அம்மா, நீங்க ஒருக்கா போயிப் பாருங்க" என்றான்.

அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே போனார். பிள்ளை சார் விமானத்தை மறுபடி முதலிலிருந்து இறக்கினார். உள்ளே குழந்தை வீறிட்டது. அம்மா வெளியே வந்து தான் உட்கார்ந்திருந்த சோபாவையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இத்தன நாளும் இதுலயா கெடந்தா?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிந்து கதவருகில் வந்து கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அம்மா தடுக்கவில்லை. அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

சுகுமாரன் படுக்கப் போகவில்லை. "எனக்க வீட்டுல சத்தம் எப்படீண்ணு எனக்குத் தெரியும்" என்றார். "இப்ப என்ன? ஊஃபருக்க கொழப்பம், அவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்லதுதானே? இதுக்குப் போயி ஆளாளுக்குக் கட்டில்ல உருளணுமா?"

நல்லதுதானே! அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு பெண்ணின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, கையில் கயிறு கட்டி, டாக்டரிடம் நாள் குறித்து வைத்துவிட்டு, கடைசியில் "நல்லதுதானே". கயிறு கட்டும்போது இருந்த அவசரம் அவிழ்க்கும்போது ஒருத்தருக்கும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். பிள்ளை சார் என் காலை மெல்ல மிதித்தார்.

பிறகு வேலையைச் செய்தோம். அவர் சுவிட்சைத் தட்டினார். நான் சின்ன ஊஃபரை அந்தச் சுவரிலிருந்து தூக்கிவந்து, எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, பெரியதன் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் முகம் சுளித்தார், தம்பி மெல்லத் தலையாட்டினான். கனத்த சத்தம் முழுவதையும் பெரியதுக்குத் தந்தோம். ஒவ்வொன்றாகக் கேட்டு, சமமாக்கி, சேர்த்துப் போட்டோம். முன்பு திருகி வைத்திருந்ததில் பாதிகூடத் தேவைப்படவில்லை. விமானம் இறங்கியபோது சோபா அதிர்ந்தது. சுகுமாரன் துள்ளி எழுந்தார். "இதாக்கும்! இதாக்கும் பேஸ்! மஸ்கட்டுல கேட்டது இதாக்கும்!"

அம்மா டீ எடுத்து வரப் போனார். நான் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். பிள்ளை சார் பெட்டியை மூடாமல் அறைக்கதவைப் பார்த்துச் சொன்னார்: "மக்கா, நீ போயிப் பிள்ளையோட படு. கேட்டுட்டுச் சொல்லு."

பிந்து அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. நான் கதவருகில் நின்றேன். பிள்ளை சார் ஊஃபர்களுக்குப் பின்னால் குனிந்து, இரண்டு கையிலும் இரண்டு திருகைப் பிடித்துக்கொண்டு, ஆஸிலேட்டரை விட்டார். சுவர் வழியாக மெல்லிய முனகல் வந்தது.

"உண்டு" என்றாள் பிந்து.

அவர் இரண்டையும் குறைத்தார்.

"உண்டு."

இன்னும் குறைத்தார். அலமாரியின் பிடி நின்றது.

"இன்னும் உண்டு."

"சாரே, மதி, போதும்" என்றார் சுகுமாரன். "சோபாவுல இப்ப ஒண்ணும் இல்ல. பழையபடி ஆயிட்டே!"

"அவ உண்டுண்ணு சொல்லுதாள்ளா அண்ணா" என்றான் ஷாஜி. அன்று அவன் அண்ணனைப் பார்த்துச் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது. "கொறைங்க சார்."

டம்ளரில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வாசலில் நின்ற எனக்கு எதுவும் கேட்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அதுவும் செத்துக் கிடந்தது. குழந்தை அவள் வயிற்றோடு ஒட்டித் தூங்கிவிட்டிருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் சொல்லி ஒன்று குறைவது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

"இன்னும் உண்டு சாரே" என்றாள்.

பிள்ளை சார் குறைத்தார்.